வொல்வோ 240

வொல்வோ 240 என்பது சுவீடனின் வொல்வோ நிறுவனம் 1974 முதல் 1993 வரை உற்பத்தி செய்த தானுந்து வகை ஆகும். உடன்பிறப்பான 260 வகையையும் சேர்த்து 28 இலட்சத்துக்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டன. இன்றும் இதனை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்துவோர் உள்ளனர்.

பராமரிப்பு

இதன் நான்கு உருளை பெட்ரோல் எஞ்சின், உரிய காலத்தில் எண்ணெய் மாற்றப்பட்டால் பல இலட்சம் கி.மீ. ஓடக்கூடியது. பிற்கால பி230 எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடுமே தவிர, வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைவதில்லை.

சிக்கல் தருவன சிறு உறுப்புகளே. 1980களின் தொடக்கம் முதல் 1987 வரை வெளிவந்த வண்டிகளில், எஞ்சினைச் சுற்றியுள்ள மின்கம்பிகளின் காப்புறை வெப்பத்தால் நொறுங்கி உதிரும். கம்பிகள் ஒன்றையொன்று தொடுவதால், காரணம் எளிதில் புலப்படாமல் வண்டி இடைவழியில் நின்றுபோகும். எனவே வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது வண்ணப்பூச்சை அன்று. இக்கம்பித் தொகுதி மாற்றப்பட்டுள்ளதா என்பதையே.

எஞ்சினுள் சேரும் ஆவி வெளியேறும் வழியில் சுடர்தடுப்பி என்னும் சிறு நெகிழி உறுப்பு உள்ளது. அதில் கரி அடைத்தால் உள்ளழுத்தம் ஏறி, ஆயில் சீல்களின் வழியே எண்ணெய் ஒழுகும். அடைப்பை நீக்காமல் சீல்களை மட்டும் மாற்றினால் ஒழுக்கு மீண்டும் தொடங்கும்.

தூரங்காட்டியின் நெகிழிப் பற்சக்கரம் உடைவதும் வழக்கம். ஆகவே பழைய வண்டியில் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப இயலாது.