தொடையிடுக்கு வலியும் குடலிறக்கமும்: குடியானவர் அறிந்து நடக்கவேண்டியவை

கறவைப் பசு ஒரு கால் ஊன்றத் தயங்கினால், குடியானவர் அன்றைக்கே அதைக் கட்டுத்தறியில் நிறுத்திக் கால்நடை வைத்தியருக்குச் சொல்லி அனுப்புகிறார். தம்முடைய தொடையிடுக்கில் மாதக்கணக்காக நிலைத்திருக்கும் வலியையோ வேட்டியின் முடிச்சை இறுக்கி மறைத்துக்கொள்கிறார். இடத்தைச் சொல்ல வெட்கம். கத்தி வைத்துவிடுவார்கள் என்ற அச்சம். நடவு நின்றுபோகுமே என்ற கவலை. தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் வயல்கள் பல வீட்டுமனைகளாய்விட்டன. எனினும் மணிமங்கலம், படப்பை முதலிய இடங்களில் இன்றும் நெல்லும் காய்கறியும் விளைகின்றன. அங்கே மூட்டை சுமப்பவரும், நாள் முழுதும் குனிந்து நாற்று நடுபவரும் இவ்வுபாதையைப் பற்றித் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

குடலிறக்கம் என்பது யாது?

செங்கற்பட்டு வட்டாரம் ஏரிகள் மலிந்த நாடு. ஏரி நிறைந்து நிற்கும்போது கரையில் இளகிய இடம் எதுவோ, அவ்விடத்தில்தான் முதற் கசிவு தோன்றும் என்பதை இங்குள்ள குடியானவர் அனைவரும் அறிவர். வயிற்றின் சுவரும் அத்தகைய கரையே. ஆண் குழந்தை கருவிலிருக்கும்போது விதைகள் வயிற்றினின்று கீழிறங்கிய வழி, தொடையிடுக்கருகே ஓர் இளகிய இடமாக நிற்கிறது. உள்ளழுத்தம் மிகும்போது குடலின் ஒரு பகுதியோ அதைச் சூழ்ந்த கொழுப்போ அவ்வழியே வெளியே துருத்துகிறது. இதுவே குடலிறக்கம் அல்லது ஹெர்னியா. ஆயுட்காலத்தில் ஆண்களில் 100 பேரில் ஏறக்குறைய 27 பேருக்கும், பெண்களில் 3 பேருக்கும் இது தோன்றக்கூடும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆகையால் இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நிற்கும்போதும் இருமும்போதும் வீக்கம் புடைத்து, படுத்தால் மறைந்துபோவது இதன் பொது அடையாளம். மாலையில் கனமும் இழுப்பும் மிகும். சிலருக்கு வீக்கம் வெளியே தெரியாமல் வலி மட்டும் இருக்கும்; அத்தகையோர்க்கு ஸ்கேன் பரிசோதனை தேவைப்படலாம்.

வலியெல்லாம் குடலிறக்கம் அன்று

இடுப்பு மூட்டில் தேய்மானம் ஏற்பட்டாலும் வலி தொடையிடுக்கிலேயே தோன்றும். சில வேளைகளில் முழங்கால்வரை ஓடும். சம்மணமிட்டு உட்காரவும், குந்தி உட்காரவும், காலை உட்புறமாகத் திருப்பவும் கடினமாயிருந்தால் மூட்டையே சந்தேகிக்கவேண்டும். மதுவை மிகுதியாக அருந்துவோர்க்கும், ஸ்டீராய்டு கலந்த மருந்தை நெடுநாள் உட்கொண்டோர்க்கும் தொடையெலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குன்றி எலும்பு நலிவதுண்டு. மாலைக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்து ஒருவர் நொண்டத் தொடங்கினால், மூட்டில் காசநோய் உளதா என்று பார்த்தல் அவசியம். யானைக்கால் நோயால் விதைப்பையில் நீர் கோத்துக்கொள்ளுதலும், சிறுநீர்க் கல்லும், தொடைத் தசை பிடிப்பும் இதே இடத்தில் உபாதை தரும். வைத்தியர் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் இருமச்சொல்லியும் பார்த்தே வேறுபாட்டைத் துணிவார். ஆகையால் கடையில் வாங்கிய வலி மாத்திரையோடு காலங் கழிப்பது தகாது.

உடனே புறப்படவேண்டிய குறிகள்

உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் போகாமல் கெட்டியாகி, தொட்டால் கடுமையாக வலித்து, தோல் சிவந்து, வாந்தியும் வயிற்று உப்புசமும் தோன்றி, மலமும் வாயுவும் பிரியாமல் நின்றால், குடல் நெரிபட்டது என்று கொள்ளவேண்டும். சில மணி நேரத்தில் குடல் அழுகிப்போகக்கூடும். அவ்வேளையில் எண்ணெய் தேய்த்து உருவுதலும், பலவந்தமாக உள்ளே தள்ளுதலும், கச்சை கட்டுதலும் பெருந்தீங்கு. உணவும் நீரும் கொடாமல், 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெண்களுக்குத் தொடை மடிப்பின் கீழே தோன்றும் சிறு வீக்கம் நெரிபடும் அபாயம் மிகுதியும் உடையது. அதை நெறிக்கட்டு என்று எண்ணி நாட்கடத்தலாகாது.

பொறுத்திருக்கலாமா?

உபாதை சொற்பமாயுள்ள ஆண்கள் வைத்தியரின் கண்காணிப்பில் பொறுத்திருக்கலாம். அமெரிக்காவில் இத்தகைய 720 ஆண்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. பொறுத்திருந்தவர்களுள் குடல் நெரிபட்டவர் மிகச் சிலரே. ஆயினும் வலி மிகுந்ததால் 2 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய நாலில் ஒருவரும், 10 ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினரும் சிகிச்சையை நாடினர். அவசரமில்லை என்பதே இதன் பொருள். நோய் தானே தீரும் என்பதன்று. பெண்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவர்கள் தாமதியாமல் சிகிச்சை பெறுதல் நன்று.

பொறுத்திருப்போர் கைக்கொள்ளவேண்டியவை

யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோவாகக் குறைந்துள்ளது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இல் ஆண் தொழிலாளிக்கு உச்ச வரம்பாகச் சொன்னது 55 கிலோ. இவை நல்ல உடலுக்கான கணக்குகள். வலியுள்ளவர் அம்மூட்டையையும் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுசெல்வது, அல்லது தள்ளுவண்டியில் ஏற்றுவது நலம். தூக்கும்போது மூச்சை அடக்காமல், முழங்காலை மடித்து, சுமையை உடலோடு ஒட்டித் தூக்கவேண்டும். கீரை, பழம், முழுத் தானியம், போதிய நீர் ஆகியவற்றால் மலச்சிக்கலை நீக்கவேண்டும். முதியோர் முக்கிச் சிறுநீர் கழிப்பாராயின் அதற்கும் வைத்தியம் உண்டு. பீடியை விடவேண்டும். இரு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கி, 1937இல் அரசாங்கம் ஏற்ற தாம்பரம் சானடோரியம் இன்றும் நெஞ்சக நோய் மருத்துவமனையாக அருகிலேயே உள்ளது. கச்சை வீக்கத்தைத் தாங்குமேயன்றிக் குணப்படுத்தாது; வைத்தியர் சொன்னாலன்றி அணியலாகாது.

சஸ்திர சிகிச்சை

இத்தாலிய வைத்தியர் பாஸினி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தசைகளைத் தைத்து மூடும் முறையைக் கண்டார். இக்காலத்தில் இளகிய இடத்தில் மெல்லிய வலையை வைத்துத் தைப்பது பெருவழக்கு. ஏரிக்கரைக்குக் கற்கட்டு அமைப்பதைப் போன்றது அது. வலையின் விலை ஏழைகளுக்குப் பாரமாயிருந்தபோது, மகாராஷ்டிரத்துத் தோண்டாய்ச்சாவைச் சேர்ந்த டாக்டர் தோங்காவ்கர் கொசுவலைத் துணியைத் தக்கபடி சுத்திசெய்து பயன்படுத்தி, தோழர்களுடன் 2003இல் பலனை வெளியிட்டார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்த சோதனையிலும் மலிவு வலை விலையுயர்ந்த வலைக்கு ஈடாகவே நின்றது.

பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடந்து வீடு திரும்புவர். சிலருக்கு அவ்விடத்தில் வலி மாதக்கணக்கில் நீடிப்பதுமுண்டு. இதையும் முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் நலம். பளு தூக்கும் வேலைக்கு 4 முதல் 6 வாரம் ஓய்வு தேவை. ஆகையால் தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, நவரை இடாத குடியானவர், சித்திரையில் சொர்ணவாரி தொடங்குமுன் சிகிச்சையை முடித்துக்கொண்டால், ஒரு போகமும் நஷ்டமாகாது.

இச்சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைகளில் வசதி உண்டு. தாம்பரத்திலிருந்து ரெயிலேறித் தெற்கே சென்றால் 1965இல் ஏற்பட்ட செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வடக்கே சென்று பார்க் நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளோர் அதையும் எடுத்துச்சென்று, தம் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று அங்கேயே விசாரிக்கலாம்.

கரையில் கசிவு கண்டவன் அன்றே மண்வெட்டி எடுக்கிறான். உடைப்பு ஏற்படும்வரை காத்திருப்பதில்லை. தன் உடலுக்கும் அவன் அவ்வளவு கவலை காட்டினால் போதும்.