மருத்துவ உலங்கு வானூர்தி மாற்றச் செலவு

பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டரை நோயாளியைக் கொண்டுசெல்லும் வான்வழி ஆம்புலன்சாகவோ மீட்பு ஊர்தியாகவோ மாற்ற ஆகும் செலவே மாற்றச் செலவு எனப்படுகிறது. இது கருவிகளின் விலையோடு முடிந்துவிடுவதில்லை.

செலவின் கூறுகள்

1. உட்புற அமைப்பு: இருக்கைகளை அகற்றித் தூக்குப்படுக்கை, ஆக்சிஜன் உருளை, மின் இணைப்பு ஆகியவற்றைத் தளத்தில் உறுதியாகப் பொருத்த வேண்டும்.

2. மருத்துவக் கருவிகள்: வென்டிலேட்டர், இதயத் துடிப்பு மீட்புக் கருவி முதலியவை அதிர்வைத் தாங்க வேண்டும்; வானூர்தியின் தகவல் தொடர்புக்கு இடையூறு செய்யக்கூடாது. எனவே மருத்துவமனைக் கருவியை அப்படியே ஏற்றிவிட முடியாது.

3. சான்றிதழ்: மாற்றம் பாதுகாப்பானது என்பதைச் சோதனைகளால் மெய்ப்பித்து, விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும். இந்தியாவில் இப்பணி சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தைச் சேர்ந்தது.

4. மீட்புக் கருவி: வெள்ளத்தில் சிக்கியவரைக் கம்பிவடத்தால் மேலே தூக்கும் பொறிக்குத் தனி வலுவூட்டலும், அதை இயக்குவோருக்குத் தொடர் பயிற்சியும் தேவை.

எடை என்னும் மறைமுகச் செலவு

கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஈடாக எரிபொருளையோ ஆளையோ குறைக்க வேண்டியிருக்கும். உயரமான இடத்திலும் வெயில் காலத்திலும் காற்றின் அடர்த்தி குறைவதால் தூக்கும் திறனும் குறையும்.

நிலையான மாற்றமும் கழற்றும் மாற்றமும்

ஒரே பணிக்கு நிலையாக மாற்றினால் ஊர்தி எப்போதும் ஆயத்தமாக இருக்கும். வேறு பணிக்கு உதவாது. கழற்றி மாட்டும் அமைப்பில் செலவைப் பல பணிகள் பகிர்ந்துகொள்ளும். 2021 மே மாதத்தில் கோவாவின் ஐ.என்.எஸ். ஹன்சா தளத்தில் கடற்படையின் ஏ.எல்.எச். மார்க் 3 ஹெலிகாப்டரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தீவிர சிகிச்சைத் தொகுதியைப் பொருத்தியது. அதை 2 முதல் 3 மணி நேரத்தில் மாட்டிவிடலாம். மின்கலம் 4 மணி நேரம் தாங்கும். அவசரத்தில் அந்த 2 மணி நேரமே பெரிய இழப்பாகலாம் என்பது இம்முறையின் குறை.

தொடர் செலவு

விமானிகள், பொறியாளர்கள், மருத்துவர், காப்பீடு, கொட்டகை ஆகிய செலவுகள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 300 நோயாளிகளுக்கு உதவும்போது ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் ஆகும். 60 பேர் மட்டுமெனில் 10 லட்சம் ஆகும்.

ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையின் ஹெலிகாப்டர் சேவை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. 2025 மே 17 அன்று கேதார்நாத்தில் தரையிறங்கும்போது அதன் வால்பகுதி உடைந்தது. உள்ளே இருந்தவர்கள் உயிர்தப்பினர். மாற்று ஊர்திக்கும் திட்டமிட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

கல்வராயன் மலைப்பகுதிக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களுக்கு வெள்ளக் காலத்தில்தான் வான்வழி மீட்பு பெரிதும் தேவைப்படும். எனவே அங்கே கழற்றி மாட்டும் அமைப்பே சிக்கனமானது. கல்வராயன் மலைக் கிராமங்களிலோ பிரசவம், பாம்புக்கடி போன்ற அவசரங்கள் ஆண்டு முழுவதும் வரும். மூடுபனியிலும் இரவிலும் ஹெலிகாப்டர் அங்கு இறங்குவது கடினம். ஆதலால் மலைச்சாலை, 108 ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குத் துணையாக மட்டுமே அது அமையும், அவற்றுக்கு மாற்றாகாது.