மண்ணிழப்பைக் கணக்கிடும் சமன்பாடு

ஒரு மலைச்சரிவிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு மண் அடித்துச் செல்லப்படுகிறது என்பதை நேரில் அளக்க வேண்டுமாயின், சரிவின் ஒரு பகுதியைச் சிறு தடுப்புகளால் பிரித்து, கீழ்முனையில் தொட்டி அமைத்து, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதில் சேரும் நீரையும் மண்ணையும் அளந்து வரவேண்டும். இது பல ஆண்டுகள் நீடிக்கும் பணி. நாட்டின் எல்லாச் சரிவுகளிலும் இதைச் செய்ய இயலாது. ஆயினும், மண் பாதுகாப்புக்கென ஒதுக்கப்படும் பணத்தை எந்தச் சரிவில் முதலில் செலவிடுவது என்ற கேள்விக்கு அதிகாரிகள் விடை கூறியே ஆகவேண்டும். கணக்கு மாதிரிகளின் தேவை இங்குதான் எழுகிறது.

இவற்றுள் மிகப் பரவலாகப் பயன்பட்டு வருவது பொது மண்ணிழப்புச் சமன்பாடு ஆகும். அமெரிக்காவில் 49 இடங்களிலிருந்து திரட்டப்பட்ட அளவீடுகளை ஆராய்ந்து, விஷ்மையர், ஸ்மித் ஆகிய இருவரும் இதனை 1965-இல் கையேடாக வெளியிட்டனர். திருத்திய பதிப்பு 1978-இல் வந்தது. மழையின் அரிக்கும் ஆற்றல், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், அதன் சாய்வு, நிலத்தை மூடியுள்ள பயிர்ப்போர்வை, பாதுகாப்பு முறைகள் ஆகிய ஆறு காரணிகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால், ஓர் ஆண்டின் சராசரி மண்ணிழப்பு கிடைக்கும். 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சாய்வும் உடைய, பயிரின்றி உழுது விடப்பட்ட பாத்தியே ஒப்பீட்டுக்கான அளவுகோல்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 80 மீட்டர் நீளமுள்ள, 5 சதவீதத்துக்கு மேற்பட்ட சாய்வுடைய வெற்றுச் சரிவில் ஹெக்டேருக்கு 40 டன் மண் இழப்பாகிறது என்று கொள்வோம். வரப்புகள் இட்டு அதனை 20 மீட்டர் துண்டுகள் நான்காகப் பிரித்தால், இழப்பு 20 டன்னாகக் குறையும். ஏனெனில் இத்தகைய சாய்வில் இழப்பு, நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே மாறுகிறது. வரப்பே இடாமல் அடர்ந்த புல் வளர விட்டாலோ, பயிர்ப்போர்வையின் மதிப்பு 1-லிருந்து 0.01 அளவுக்கு இறங்கும். இழப்பு அரை டன்னுக்கும் குறைவாகிவிடும். மண்வெட்டியும் கூலியும் செய்வதைவிடப் புல் செய்வது பன்மடங்கு என்பதைச் சமன்பாடு இவ்வாறு எண்ணில் காட்டிவிடுகிறது.

இந்தியாவில் இம்முறையின் வளர்ச்சியில் டேராடூனில் முன்பு மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கிய அமைப்புக்குப் பெரும் பங்குண்டு. துருவநாராயணாவும் ராம் பாபுவும் 1983-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டில் ஆண்டுக்கு 533.4 கோடி டன் மண் அரிக்கப்படுகிறது. ஹெக்டேருக்குச் சராசரி 16.35 டன். இதில் 29 சதவீதம் கடலில் கலக்கிறது. 10 சதவீதம் நீர்த்தேக்கங்களில் படிகிறது. எஞ்சிய 61 சதவீதம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்கிறது.

சமன்பாட்டின் எல்லைகளை மறந்துவிடலாகாது. நிலப்பரப்பில் படலமாகவும் சிறு கோடுகளாகவும் நிகழும் அரிப்பை மட்டுமே அது கணக்கிடும். பெரும் ஓடைகள் குடைந்து எடுக்கும் மண், கரைச்சரிவு, ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும் பெருமழையின் அழிவு ஆகியவை அதில் அடங்கா. சரிவில் அரிக்கப்பட்ட மண் முழுவதும் அணையை வந்தடைவதும் இல்லை. எனவே, இரு சரிவுகளுள் எது அதிக ஆபத்தானது என்று ஒப்பிட இதனைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஓர் அணை இத்தனை ஆண்டில் தூர்ந்துவிடும் என்று இதனை மட்டும் கொண்டு கணிப்பது துணிச்சலே. பின்னர் வந்த மாதிரிகளும் செயற்கைக்கோள் படங்களும் இக்குறைகள் சிலவற்றைக் களைந்துள்ளன. ஆனால் உள்ளே இடும் மழை விவரம் பழுதானால் எந்த மாதிரியும் உதவாது.

பயிர்ப்போர்வை என்னும் எண்ணை மாற்றுவது யார் கையில் உள்ளது? சண்டிகரின் சுக்னா ஏரி இதற்கு நல்ல சான்று. 1958-இல் அமைக்கப்பட்ட இவ்வேரி சில ஆண்டுகளிலேயே தூர்ந்து வந்தது. வண்டலின் மூலத்தைத் தேடிச் சென்ற பி.ஆர். மிஸ்ரா தலைமையிலான ஆராய்ச்சியாளர்கள், சிவாலிக் குன்றுகளில் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தனர். மொட்டையான சரிவுகளில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மரம் நட்டும் தடுப்பணை கட்டியும் பயன் நிலைக்கவில்லை. மேய்ச்சலை விட்டால் ஊராருக்கு வேறு வழி இல்லை. 1976-இல் கட்டப்பட்ட சிறு மண் அணையின் நீர் வயலுக்குக் கிடைத்த பிறகே நிலைமை மாறியது. நிலமற்ற குடும்பங்களுக்கும் நீரில் சம பங்கு அளிக்கப்பட்டதால், மலையில் ஆடு மேய்ப்பதில்லை என்று ஊரே கட்டுப்பாடு செய்துகொண்டது. பலர் ஆடுகளை விட்டு எருமை வளர்க்கத் தொடங்கினர். சரிவுகளில் புல்லும் மரமும் மீண்டன. அங்கிருந்து ஏரிக்கு வந்த வண்டல் வெகுவாகக் குறைந்தது.