ஆண்டு பொறிக்கப்படாத இருபது பென்ஸ்

எழுத்துப்பிழை மலிந்த நூலை எவரும் விரும்பி வாங்கார். நாணயக்குற்றிகளின் உலகிலோ பிழையே விலையை உயர்த்துகின்றது. பிரித்தானியாவில் வாழும் நம்மவர் நாள்தோறும் கையாளும் சில்லறையினுள்ளும் அத்தகைய குற்றியொன்று கிடக்கக்கூடும். அதனை இனங்காண அறியாதோர், உண்மையானதைக் கைநழுவ விடுவர். அல்லது பெறுமதியற்றதைப் பெரும்பணம் கொடுத்து வாங்குவர்.

2008ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச நாணயச்சாலை சில்லறைக் குற்றிகளின் தோற்றத்தை மாற்றியது. அதுவரை இருபது பென்ஸ் குற்றியின் ஆண்டு, ரோசாப்பூப் பொறித்த பின்புறத்தில் இருந்தது. புதிய வடிவத்தில் பின்புறம் அரச கேடயத்தின் ஒரு பகுதியைத் தாங்கியது; ஆண்டு, மகாராணியின் தலையுருவம் உள்ள முன்புறத்துக்கு இடம்மாறியது. ஆயினும், ஒரு தொகுதிக் குற்றிகள் புதிய பின்புற அச்சுடனும் பழைய முன்புற அச்சுடனும் அடிக்கப்பட்டுவிட்டன. விளைவாக, இருபுறத்திலும் ஆண்டு இல்லை. 2009இல் இப்பிழை வெளிப்பட்டபோது, 50,000 முதல் 200,000 வரையான குற்றிகள் புழக்கத்துக்குச் சென்றிருக்கலாமென நாணயச்சாலை மதிப்பிட்டது.

இனங்காணுதல் எளிது. ரோசாப்பூ உள்ள பழைய குற்றியின் தலைப்பக்கத்தில் ஆண்டு இல்லாதது பிழையன்று. கேடயப் பகுதி உள்ள குற்றியின் தலைப்பக்கத்திலும் ஆண்டு காணப்படாவிடின் அதுவே பிழைக்குற்றி. ஆண்டை அராவி அழித்து விற்போரும் உளர். ஆதலால் உருப்பெருக்குக் கண்ணாடியால் எழுத்துகளின் அயலை நோக்குதல் வேண்டும். சுரண்டிய கீறல் தென்படின் அதனை ஒதுக்கிவிடுக. நாணயச்சாலையினுள் நேர்ந்ததே பிழை. வெளியே நேர்ந்தது வெறும் சேதம்.

பிழையென மயங்கப்படுவன வேறும் உள. இரண்டு பவுண் குற்றியின் விளிம்பெழுத்துகள் தலைகீழாக இருப்பது பிழையன்று; விளிம்பெழுத்து முதலிலும் முகங்கள் பின்னரும் பொறிக்கப்படுவதால் எந்தப் பக்கமும் மேலே அமையலாம். இரண்டு பென்ஸ் குற்றிகளில் 1971 முதல் 1981 வரை 'நியூ பென்ஸ்' என்றே பொறிக்கப்பட்டது. ஆகவே அவை முகப்பெறுமதிக்கு மேற்படா. 1983ஆம் ஆண்டைத் தாங்கி அச்சொற்களுடன் உள்ளதே அரியது. அதுவும் சேகரிப்போருக்கான தொகுப்புகளிலேயே வெளிவந்தது.

விலையைப் பொறுத்தவரை, 2009இல் தனியார் நிறுவனமொன்று ஆண்டில்லாக் குற்றி ஒவ்வொன்றுக்கும் 50 பவுண் தர முன்வந்தது. 2024இல் தாமே சமைத்துண்ணும் புகலிடக் கோரிக்கையாளர் ஒருவருக்கு அரசு வழங்கிய வார உதவித்தொகை 49.18 பவுண் என்பதை எண்ணின், இத்தொகை அற்பமன்று. ஆனால் இணைய ஏலங்களில் ஆயிரக்கணக்கில் கேட்கப்படும் விலைகளை நம்பலாகாது. எவரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்த விலையே சந்தை விலை. குற்றியைத் துலக்கவும் கூடாது. துலக்கிய குற்றியின் விலை குறையும். விற்குமுன் நாணய வணிகர் இருவரிடமேனும் காட்டுதல் நன்று.

எரிபொருள் நிலையங்களிலும் கடைகளிலும் காசுப்பெட்டியின் முன் நிற்கும் நம் இளைஞர்க்கு ஒரு சொல்: பெட்டியிலுள்ள குற்றி முதலாளியுடையது. அவரிடம் கேட்டு, உங்கள் இருபது பென்ஸை வைத்துவிட்டு அதனை எடுத்துக்கொள்ளுங்கள்.