கசப்புக்கு ஒரு கொடி, மணத்துக்கு ஒரு கொடி

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் சாற்றுக்கு இயல்பாயுள்ள தித்திப்பை அடக்கும் கசப்பையும், பருகுமுன்பே நாசியை எட்டும் பரிமளத்தையும் பீருக்கு அளிப்பது ஹாப்ஸ் என்னும் கொடியின் பெண் பூக்களே. அப்பூவின் இதழடியில் மஞ்சள் துகளாக ஒட்டியிருக்கும் லுபுலினில் ஆல்ஃபா அமிலங்களும் வாசனைத் தைலங்களும் சேர்ந்தே வாசம் செய்கின்றன. அமிலங்களோ சாற்றில் நெடுநேரம் கொதித்து உருமாறினாலன்றி நன்கு கசப்பதில்லை, தைலங்களோ அந்தக் கொதியிலேயே ஆவியாகி அகன்றுவிடுகின்றன. ஆகையால் கசப்புக்கான பூவை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, மணத்துக்கான பூவை அடுப்பணைக்கும் தறுவாயில் இடுவதே வழக்கம்.

கசப்பு மாத்திரம் வேண்டுமாயின் தேர்வு வெறும் கணக்குத்தான். ஜெர்மனியின் மேக்னம் ரகத்தில் ஆல்ஃபா அமிலம் ஏறத்தாழ 12 முதல் 14 சதவீதம். செக் நாட்டின் சாட்ஸ் ரகத்திலோ 3 முதல் 4 சதவீதமே. மேக்னம் ஒரு பங்கு செய்யும் வேலைக்குச் சாட்ஸ் மூன்று, நான்கு பங்கு வேண்டும். அப்படியிருந்தும், 1842-இல் பில்சென் நகரில் யோசெஃப் குரோல் காய்ச்சிய பொன்னிற பீர் சாட்ஸின் பெயரோடு இன்றளவும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்திருப்பதற்குக் காரணம், அந்த ரகத்தின் மென்மையான மூலிகை மணமும், நாவில் உறுத்தாமல் கரையும் கசப்புமே. வறுத்த தானியத்தின் கருமை எதையும் மறைக்காத அத்தகைய வெளிர் பீரில், சிக்கனத்தைக் கருதிச் சாட்ஸை விலக்குவது பெருந்தவறு என்பதே என் துணிபு.

மணத்திலும் பாரம்பரியம் ஒன்றாயினும் குணம் ஒன்றாவதில்லை. இங்கிலாந்தின் ஃபக்கிள் ரகம் ஈர மண்ணையும் மரத்தையும் நினைவூட்டும். அதன் வம்சத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உருவாகி 1972-இல் வெளிவந்த காஸ்கேடோ பம்பளிமாசை ஒத்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் வாசனையை வீசும். எனவே, விரும்பிய ரகம் கிட்டாதபோது அமிலச் சதவீதம் ஒத்திருக்கிறதென்று மற்றொன்றை எடுத்துக்கொள்வது கசப்புக்குப் போதுமேயன்றி மணத்துக்குப் போதாது. அங்கே தைலங்களின் ஒற்றுமையைத்தான் ஆராய வேண்டும்.

ரகத்துக்கு நிகராக அறுவடை ஆண்டும் முக்கியம். காற்றும் வெப்பமும் பட்டுப் பழசான பூவில் அமிலம் குன்றி, புளித்த பாலாடைக்கட்டியின் நாற்றம் ஏறிவிடும். ஆதலால்தான் அனுபவசாலிகள் கொள்முதலுக்குமுன் பூக்களை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்க்கிறார்கள், வாங்கியதைக் காற்றுப்புகாத உறையிலிட்டுக் குளிரில் வைக்கிறார்கள்.