கடல்மீன் தொட்டிக்கு ஒரு காலுறை

தோழியரே! காலுறை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் வெண்மை குன்றாமல் இருக்கிறதா என்று பார்க்கப்படும் சீருடைக் காலுறைதான். மீன் தொட்டிக்கும் ஒரு காலுறை உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவள்தான். அந்தக் காலுறையைச் சரியாகத் துவைக்கத் தெரியாமல் ஓர் உயிரைப் போக்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் பொன்னமராவதியில் அமரகண்டான் ஊரணி உண்டு, கடல் இல்லை. மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே கட்டுமாவடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் இருக்கிறது. அப்படியிருக்க, நம் ஊரில் ஒரு வீட்டுக் கூடத்தில் கடல் மீன் நீந்துகிறது. அது என் தாய்மாமா வீடு. பல ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா, பெட்டி நிறையச் சேலையும் சென்டும் வரும் என்று அத்தை காத்திருக்க, பம்பும் குழாயும் உப்பு மூட்டையுமாக வந்து இறங்கினார். இருநூறு லிட்டர் கண்ணாடித் தொட்டியில், ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மாமா அதற்கென விற்கும் உப்பை அளந்து கலக்குகிறார். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் முதலிய பலவும் கலந்திருக்கின்றன. தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும். நீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். வத்தக்குழம்பு சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடல்நீரை வீட்டில் வைத்துக் காப்பது எளிதாக இருந்ததில்லை. 1846 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார் ஆனா தின் என்ற பெண்மணி. அக்காலத்தில் பம்பு ஏது, மின்சாரம் ஏது? சன்னலோரம் நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்தார்கள். நம் ஊர் டீக்கடையில் ஆற்றுவது போலத்தான். நாள்தோறும் அரைமணிக்கு மேல் அப்படி ஆற்றியவர் அவ்வீட்டுப் பணிப்பெண். புத்தகங்களில் அம்மையாரின் பெயர் இருக்கிறது. கை வலித்தவளின் பெயரை நான் எங்கும் காணவில்லை.

இனிக் காலுறைக்கு வருவோம். மாமாவின் தொட்டிக்குக் கீழே, மேசைக்குள் மறைவாக இன்னொரு சிறு தொட்டி இருக்கிறது. மேல்தொட்டி நீர் வழிந்து குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. பம்பு அதை மீண்டும் மேலே ஏற்றுகிறது. நீர் இறங்கும் குழாயின் வாயில், வளையத்தில் மாட்டிய ஒரு நீண்ட துணிப்பை தொங்குகிறது. கால் நுழைக்காத காலுறை போலவே இருப்பதால் 'ஃபில்டர் சாக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாய் நான்கு அங்குல அகலத்திலும் ஏழு அங்குல அகலத்திலும் கிடைக்கிறது. மீன் தின்னாமல் விட்ட இரை, கழிவு, பாசித் துணுக்கு எல்லாம் இதில் தங்கிவிட, தெளிந்த நீர் கீழே போகிறது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். பை அழுக்கைப் பிடித்துவிட்டது, நீர் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அழுக்கு எங்கும் போகவில்லை. பையில் இருக்கிறது, பை நீரில் இருக்கிறது. ஓடும் நீர் இரவும் பகலும் அந்த அழுக்கின் ஊடேதான் போய்வருகிறது. இரண்டு மூன்று நாளில் அது அழுகத் தொடங்கும். அழுகினால் அம்மோனியா பிறக்கும். நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆகவும் பின்னர் நைட்ரேட் ஆகவும் மாற்றும். இவற்றுள் அம்மோனியா கொடியது. அதிலும் கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 8.1 முதல் 8.3 வரை இருக்கும். பி.எச். 7 உள்ள நடுநிலை நீரில் நஞ்சாக நிற்கும் அம்மோனியாவின் பங்கைப் போல் பத்து மடங்குக்கும் மேல் இங்கே நஞ்சாக நிற்கிறது. நல்ல தண்ணீர் மீன் பொறுத்துக்கொள்ளும் அழுக்கைக் கடல் மீன் பொறுக்காததற்கு இது ஒரு காரணம். ஆகவே பை போட்டதால் நீர் சுத்தமாவதில்லை. பையை நாலாம் நாள் கழற்றி எடுக்கும்போதுதான் அழுக்கு தொட்டியை விட்டு வெளியேறுகிறது. கழற்ற மறந்தால் பை அடைத்து, நீர் அதன் விளிம்பைத் தாண்டி வடிகட்டாமலே வழியும். அந்நிலையில் பை இருந்தும் இல்லாததுதான்.

எந்தப் பையை வாங்குவது? இதற்கு மைக்ரான் என்ற அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பைகள் பெரும்பாலும் 100, 200 மைக்ரான் அளவுகளில் வருகின்றன. எண் சிறியதானால் கண் சிறியது, நீர் பளிங்காகும், ஆனால் பையும் விரைவில் அடைக்கும். 10, 50 மைக்ரான் பைகளும் உண்டு. அவை கலங்கிய நீரை ஒருமுறை தெளிய வைக்கப் போட்டு எடுக்க ஏற்றவை, நாள் முழுதும் மாட்டிவைக்க அல்ல. வீட்டுத் தொட்டிக்கு 200 போதும் என்பது மாமாவின் கட்சி. நானும் அக்கட்சியே.

துணியிலும் இருவகை. ஒன்று, கம்பளி போல் இழைகளை அமுக்கிச் செய்த ஃபெல்ட். மற்றது கொசுவலையை நெருக்கி நெய்தாற்போன்ற நைலான் வலைத்துணி. ஃபெல்ட் தன் தடிப்பு முழுவதிலும் அழுக்கை வாங்கிக்கொள்ளும், நன்றாக வடிகட்டும், துவைப்பதற்குள் தோள் கழன்றுவிடும். வலைத்துணியில் அழுக்கு மேலாகவே நிற்பதால் குழாயடியில் பிடித்தாலே போய்விடும், நெடுநாள் உழைக்கும், ஆனால் பொடித்துகள் தப்பிவிடும். வாரத்தில் இருமுறை உட்கார்ந்து துவைக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு ஃபெல்ட், இல்லாத வீட்டுக்கு வலை. எதுவானாலும் ஒன்றே ஒன்று வாங்குவது வீண். ஐந்தாறு இருந்தால்தான் ஒன்று தொட்டியில், ஒன்று ஊறலில், ஒன்று வெயிலில் என்று மாற்றி மாற்றிப் போட முடியும்.

துணியின் கண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மீன் தொட்டிக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வங்காளதேசத்தில் மத்லப் என்னும் பகுதியின் 65 சிற்றூர்களில் ரீட்டா கோல்வெல் என்ற அறிவியல் அறிஞரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி, 2003 இல் முடிவை வெளியிட்டார்கள். குளத்து நீரைக் குடத்தில் மொள்ளும்போது, பழைய பருத்திச் சேலையைக் குறைந்தது நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டச் சொன்னார்கள். காலரா நோய் 48 விழுக்காடு குறைந்தது. காலராக் கிருமி சேலையின் கண்ணைவிட மிகச் சிறியதாயினும், அது நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வதால் அவற்றோடு சேர்ந்து துணியில் சிக்கிவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, புதுச் சேலையைவிடப் பழஞ்சேலையே நன்றாக வடிகட்டியது என்பது. துவைத்துத் துவைத்து நூல் பஞ்சாகப் பிரிந்து கண்ணை அடைத்துக்கொள்கிறதாம். வடிகட்டிய பின் சேலையை அலசி வெயிலில் உலர்த்தவும் அப்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அலசுவதில் நான் செய்த பிழையை இனிச் சொல்லிவிடுகிறேன். ஒரு தைப்பூசத்துக்கு மாமாவும் அத்தையும் பழனிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார்கள். மீன்கள் என் பொறுப்பு. "நாலாம் நாள் பையை மாத்து தாயி. அழுக்குப் பையை வாளியிலே போட்டு வை, நான் வந்து பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, மாற்றுப் பைகளைக் கொடியில் மாட்டிவிட்டுப் போனார். சொன்னபடி மாற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். மாமா வந்ததும் மெச்சவேண்டும் என்ற ஆசையில், அழுக்குப் பையைச் சோப்புத்தூளில் ஊறவைத்து, கல்லில் கும்மி, மூன்று முறை அலசி, சொட்டு நீலமும் போட்டு, வெள்ளை வெளேர் என்று உலர்த்தினேன். எட்டாம் நாள் கொடியில் வேறு பைகள் இருக்க, என் கைவண்ணமான அதையே எடுத்து மாட்டினேன்.

அன்று மாலை கீழ்த்தொட்டியில், கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி பொங்கிவழிந்தது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று எண்ணி இரை போட்டேன். விடியற்காலையில் ஒன்று மிதந்தது. அழுதுகொண்டே போன் செய்தேன். மாமா திட்டவில்லை. பையை எடுத்துவிட்டு, பீப்பாயில் கலந்துவைத்திருந்த உப்புநீரைப் பாதிக்குப் பாதி மாற்றச் சொன்னார். மற்றொன்று பிழைத்தது. திரும்பி வந்தவர் அந்தப் பையை ஒரு வாளி நீரில் போட்டுக் கையால் கசக்கிக் காட்டினார். மூன்று முறை அலசியும் நுரை வந்தது! "மீனுக்கு வெள்ளைத் துணி வேணாம் தாயி, வெறுந்துணி போதும்" என்றார். சோப்பு மீனின் செவுளின் மெல்லிய தோலைக் கெடுத்து மூச்சுவிட முடியாமல் செய்துவிடுமாம். நீர் நிறைய மூச்சுக்காற்று இருந்தும் மீன் திணறும்.

ஆகவே சோப்பு, சோப்புத்தூள், நீலம், வாசனைத் திரவம் எதுவும் கூடாது. புதுப் பையைக்கூட வெறும் நீரில் நன்றாக அலசிய பிறகே மாட்டவேண்டும். அழுக்குப் பையைக் கழற்றியவுடன், காயவிடாமல், உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சவேண்டும். காய்ந்துவிட்டால் அழுக்கு இழையோடு ஒட்டிக்கொள்ளும். வலைத்துணிக்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும்.

ஃபெல்ட் பையில் மஞ்சளும் வழவழப்பும் போகாமலிருந்தால், பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்று திரவப் பிளீச்சைக் கலந்து ஓர் இரவு ஊறவைக்கலாம். மணமும் நிறமும் சேர்க்காத பிளீச்சாக இருக்கவேண்டும். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால், கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுக்கவேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பு இழைகளை அடைத்துவிடும். பிறகு நிறைய நீரில் அலசவேண்டும். பிளீச்சிலுள்ள குளோரினும் மீனுக்கு எமன். அதை முறிக்க ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட் படிகங்களைக் கரைத்த நீரில் மறுபடி ஊறவைக்கவேண்டும். முன்பெல்லாம் போட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவப் பயன்பட்டது இதுவே. கடைசியாக ஓர் அலசல். பின் நல்ல வெயிலில் முழுதும் காயவேண்டும். மூக்கருகே வைத்தால் பிளீச் வாடை துளியும் வரக்கூடாது.

சுண்ணாம்புக் கறை படிந்து விறைத்த பையை வினிகர் கலந்த நீரில் ஊறவைக்கலாம். ஆனால் தோழியரே, இதை மட்டும் மறக்காதீர்கள்: வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நம் மூச்சையே அடைத்துவிடும். குளியலறை கழுவும் ஆசிட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பையைத் திருப்பிக் கழுவினோம் அல்லவா? மாட்டும்போது பழையபடி திருப்பிவிட வேண்டும். அழுக்குப் பட்ட பக்கமே எப்போதும் அழுக்கை ஏற்கவேண்டும். மாறினால், இழையில் மீதமிருப்பது நேரே தெளிந்த நீருக்குள் இறங்கும். இதே விதியை, நரம்புச் சிலந்தி நோய் இருந்த ஊர்களில் குடிநீர் வடிகட்டும் துணிக்கும் சொன்னார்கள். அந்நோயின் புழு, நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்ற சிற்றுயிருக்குள் ஒளிந்து வரும். அதைத் துணியால் வடிகட்டிவிடலாம். ஆனால் துணியைப் புரட்டிப் போட்டால் சிக்கியது முழுதும் குடத்துக்குள்தான். நம் நாட்டில் அந்நோயின் கடைசி நோயாளி 1996 இல் கண்டறியப்பட்டார். 2000 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் அது ஒழிந்ததாகச் சான்றளித்தது.

இதைப் படித்துவிட்டுத் தொட்டி வைக்க ஆசைப்படுவோருக்கு ஒன்று. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947 இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் தலைமையிடம் 1971 இல் கொச்சிக்குப் போனபின் மண்டபம் மண்டல மையமாக இயங்கிவருகிறது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்க்கும் முறையை அங்கே கண்டிருக்கிறார்கள். வாங்குவதானால் இப்படித் தொட்டியில் பிறந்த மீனையே வாங்குங்கள். பவளப்பாறையைத் தொடவே வேண்டாம். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

மாமா வீட்டுத் தொட்டியில் பிழைத்த மீனுக்கு ஒரு துணை வந்துவிட்டது. கொடியில் ஆறு பைகள் தொங்குகின்றன. எது எப்போது போட்டது என்று குழம்பாதிருக்க, மை படக்கூடாது என்பதால், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒன்று முதல் ஆறு வரை வெள்ளை நைலான் நூலால் முடிச்சுத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, தையல் விட்டதையும் இழை மெலிந்ததையும் அத்தை அடுப்படிக்கு எடுத்துக்கொள்கிறார், கரித்துணியாக.