ஒன்று படுத்தால் இன்னொன்று எழும்!

மாரண்டஹள்ளியிலிருந்து கூலிவேலையை விட்டுவிட்டு ஓர் அலுவலகம் போன என் அம்மாவிடம், "சர்வர் படுத்துடுச்சு, நாளைக்கு வாங்க" என்றார்கள். ஒரு நாள் கூலி போச்சு!

இதற்கு மருந்துதான் கிளஸ்டர். மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரே சர்வர் போல. தகவல் மூன்றுக்கும் பொது. "நான் இருக்கேன்" என்று ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்று நின்றால் மற்றவை அதன் வேலையை ஏற்கும்.

1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய 5 ரயில் முன்பதிவு மையங்கள் ஒரே வலையில் இணைந்தன. ஓபன்விஎம்எஸ் கிளஸ்டர்களே அவற்றைத் தாங்கின.

இரண்டு கம்ப்யூட்டர் போதாதா? நடுவில் கேபிள் அறுந்தால், "அது செத்துப்போச்சு" என்று இரண்டுமே நினைத்து ஒரே பெர்த்தை இருவருக்குக் கொடுத்துவிடும்! மூன்றில் இரண்டு சேர்ந்தால் பெரும்பான்மை. தனித்துப்போனது வேலையை நிறுத்திவிடும்.

நாளை நாம் அமைக்கும் சர்வரின் முன்னும் ஓர் அம்மா வரிசையில் நிற்பார். மறவோம்!